சித்திரவதைக்கு சட்ட ஒப்புதல் எழுதிக் குடுத்த அமெரிக்க அரசு வக்கீல்கள்: அடிக்கடி வர்ற கேள்விகள்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் சிஐஏ தன்கிட்ட மாட்டுன கைதிகள எப்படி விசாரிச்சுதுன்னு நிறைய பேருக்கு தெரியும். ஆனா அதுக்கு முன்கூட்டியே "இது சட்டப்படி சரிதான்"னு எழுதிக் குடுத்த வக்கீல்கள் என்ன ஆனாங்கன்னு கேட்டா பல பேருக்கு தெரியல. சட்டம் படிக்கிற பசங்க, ஃப்ரெண்ட்ஸ், சொந்தக்காரங்கன்னு யார்கிட்ட பேசுனாலும் இதே சந்தேகங்கதான் வருது, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய வச்சு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

முதல்ல இந்த "டார்ச்சர் மெமோ"ன்னா என்னங்க? யாரு யாருக்கு எழுதுனது?

2002 மார்ச்ல பாகிஸ்தான் ஃபைசலாபாத்ல அபு ஜுபைதான்னு ஒருத்தர புடிச்சு, தாய்லாந்துல இருந்த சிஐஏவோட ரகசிய சிறைக்கு கொண்டு போனாங்க. அவர தூங்க விடாம, பெட்டிக்குள்ள அடைச்சு, தண்ணி ஊத்தி மூச்சு முட்ட வச்சு விசாரிக்கணும்னு சிஐஏ முடிவு பண்ணுச்சு. ஆனா சித்திரவதை அமெரிக்க சட்டப்படியே குற்றம், வெளிநாட்டுல வச்சு பண்ணாலும் 20 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆள் செத்துட்டா மரண தண்டனை கூட வரலாம். அதனால நாளைக்கு நம்ம ஆளுங்க மேல கேஸ் வந்துறக் கூடாதுன்னு ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்கிட்ட (அமெரிக்க சட்ட அமைச்சகம்) எழுத்துல கேட்டாங்க.

அப்படித்தான் 2002 ஆகஸ்ட் 1ஆம் தேதி ரெண்டு மெமோ வந்துச்சு. ரெண்டுலயும் கையெழுத்து அந்த டிபார்ட்மென்ட்டோட சட்ட ஆலோசனைப் பிரிவுத் தலைவர் ஜே பைபீயோடது, பெரும்பாலும் எழுதுனது அவருக்கு கீழ இருந்த ஜான் யூ. ஒண்ணு வெள்ளை மாளிகை வக்கீல் ஆல்பர்ட்டோ கொன்ஸாலஸுக்கு, சித்திரவதைன்னா சட்டத்துல என்ன அர்த்தம்னு பொதுவா சொல்றது. இன்னொண்ணு சிஐஏ வக்கீல் ஜான் ரிஸ்ஸோவுக்கு, அபு ஜுபைதா மேல என்னென்ன பண்ணலாம்னு ஒவ்வொண்ணா சொல்றது. 2003 மார்ச்ல ராணுவத்துக்கும் யூ தனியா ஒண்ணு எழுதுனாரு, 2005 மே மாசம் அதே பிரிவுல இருந்த ஸ்டீவன் பிராட்பரி இன்னும் மூணு மெமோ போட்டாரு.

இவங்க என்ன ஜட்ஜா? ஒரு வக்கீல் எழுதுன பேப்பருக்கு ஏன் இவ்ளோ மதிப்பு?

ஜட்ஜ் இல்ல. ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டுக்குள்ள ஆஃபீஸ் ஆஃப் லீகல் கவுன்சில்னு ஒரு சின்ன பிரிவு இருக்கு, சட்டம் என்ன சொல்லுதுன்னு அவங்க எழுதிட்டா அரசாங்கத்தோட மத்த துறைங்க அதுக்கு கட்டுப்பட்டு நடக்கணும். இதுல கவனிக்க வேண்டியது, சித்திரவதை பண்ணா கேஸ் போட வேண்டியதும் அதே ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்தான். "சரி"ன்னு தன் லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்த டிபார்ட்மென்ட், அத நம்பி நடந்தவன் மேல அப்புறமா கேஸ் போட்டா எந்த கோர்ட்டுல நிக்கும்? அப்ப இந்த மெமோ வெறும் கருத்து இல்ல, நடைமுறைல அது முன்கூட்டியே குடுத்த மன்னிப்பு மாதிரி வேலை செஞ்சுது.

இன்னொரு விஷயம், இது ரகசியம். கோர்ட்டுன்னா எதிர்த்தரப்பு வக்கீல் இருப்பாரு, அப்பீல் இருக்கும், தீர்ப்ப நாலு பேர் படிப்பாங்க. இங்க அப்படி எதுவும் இல்ல. 2004 ஏப்ரல்ல ஈராக்ல அபு கிரைப் சிறைல அமெரிக்க வீரர்கள் கைதிகள கொடுமைப்படுத்துன ஃபோட்டோ வெளிய வந்து, ஜூன்ல முதல் மெமோ லீக் ஆகுற வரைக்கும் பொதுமக்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது.

மெமோல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?

கொன்ஸாலஸுக்கு போன மெமோ சொன்னது இதுதான்: உடல் வலி சித்திரவதைன்னு ஆகணும்னா, உறுப்பு செயலிழந்து போறது, உடம்பு வேலை செய்யாம போறது, இல்ல சாவு, இந்த அளவு கடுமையான காயத்தோட வர்ற வலிக்கு சமமா இருக்கணும். இந்த அளவுகோல எங்கருந்து எடுத்தாங்கன்னு பாத்தா எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா வரும். அவசர சிகிச்சைக்கு யாருக்கு காசு குடுக்கலாம்னு சொல்ற மருத்துவ சலுகை சட்டத்துல "கடுமையான வலி"ன்னு வர்ற வரிய எடுத்து சித்திரவதை சட்டத்துக்கு ஒட்ட வச்சிருக்காங்க. அதுக்கு மேல, ஜனாதிபதி போர்க்கால தளபதியா உத்தரவு போட்டா இந்த சட்டம் அவர கட்டுப்படுத்தாதுன்னும் எழுதியிருந்தாங்க.

ரெண்டாவது மெமோல பத்து முறை. சுவத்துல தூக்கி மோதுறது, அறையுறது, வலிக்கிற மாதிரி நிக்க வைக்கிறது, தொடர்ந்து 11 நாள் வரைக்கும் தூங்க விடாம வைக்கிறது, பெரிய பெட்டின்னா 18 மணி நேரம் சின்ன பெட்டின்னா 2 மணி நேரம் வரைக்கும் அடைக்கிறது. அவருக்கு பூச்சின்னா பயம்னு சிஐஏ சொன்னதால பெட்டிக்குள்ள ஒரு பூச்சிய விடலாம், ஆனா கொட்டும்னு சொல்லி ஏமாத்தணும்னா எப்படி பேசணும்னு கூட அதுல ஆலோசனை இருக்கு (அந்த ஒண்ண மட்டும் கடைசில பண்ணல). வாட்டர்போர்டிங்னா சாய்வு பலகைல படுக்க வச்சு மூக்கு வாய் மேல துணி போட்டு, 12லருந்து 24 இன்ச் உசரத்துல இருந்து தண்ணி ஊத்தி, 20லருந்து 40 செகண்ட் மூச்ச தடுக்கணும். இத விவரிச்சு எழுதிட்டு, இது சித்திரவதை ஆகாதுன்னு முடிச்சு கையெழுத்து போட்டிருக்காங்க.

2002 ஆகஸ்ட்ல மட்டும் அபு ஜுபைதாவுக்கு 83 தடவை தண்ணி ஊத்துனாங்க. சவப்பெட்டி சைஸ் பெட்டிக்குள்ள மொத்தம் 266 மணி நேரம், 21 இன்ச் அகலமும் ரெண்டரை அடி உசரமும் இருந்த சின்ன பெட்டிக்குள்ள 29 மணி நேரம் வச்சிருந்தாங்கன்னு செனட் புலனாய்வுக் குழு அறிக்கைல இருக்கு. அல்கொய்தால மூணாவது நாலாவது ஆளுன்னு நம்பித்தான் மெமோ எழுதுனாங்க, பின்னாடி அவர் அல்கொய்தா உறுப்பினர்ங்குற வாதத்த அமெரிக்க அரசே கைவிட்டுருச்சு.

வக்கீல் கருத்துதானே சொன்னாரு? அவரா போய் தண்ணி ஊத்துனாரு? இது எப்படி குற்றம் ஆகும்?

நியாயமான கேள்வி. தப்பா கருத்து சொன்னதுக்காக ஒரு வக்கீல உள்ள போட முடியாது, போடவும் கூடாது. சட்டத்த அவரு உண்மையாவே அப்படித்தான் புரிஞ்சுகிட்டாருன்னா அது குற்றம் இல்ல, அவரு புத்திசாலி இல்லைன்னு வேணா சொல்லலாம்.

ஆனா க்ளையண்ட் ஒரு குற்றம் பண்ணப் போறான்னு தெரிஞ்சு, அத பண்றதுக்கு இந்த பேப்பர்தான் தேவைன்னு தெரிஞ்சு, அவனுக்கு வேண்டிய பதில முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி சட்டத்த வளைச்சு எழுதிக் குடுத்தா அது வேற. பிரேக் புடிக்காதுன்னு தெரிஞ்சே பஸ்ஸுக்கு எஃப்சி குடுக்குற பிரேக் இன்ஸ்பெக்டர் "நான் வண்டி ஓட்டலையே"ன்னு சொன்னா விட்டுருவோமா? அமெரிக்கா 1994ல ஏத்துகிட்ட ஐநா சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தம் செஞ்சவன மட்டும் இல்ல, உடந்தையா இருந்தவனையும் குற்றவாளின்னுதான் சொல்லுது. அமெரிக்க சட்டத்துலயும் சித்திரவதைக்கு கூட்டுச்சதி பண்றது 2001லருந்து தனி குற்றம். சட்டத்துல ஓட்டை இல்ல, இவங்க தெரிஞ்சேதான் எழுதுனாங்கன்னு நிரூபிக்கிறதுதான் கஷ்டம்.

9/11 முடிஞ்ச பதட்டத்துல, அடுத்த குண்டு எங்க வெடிக்கும்னு தெரியாத நேரத்துல நல்லெண்ணத்தோடதான் எழுதியிருப்பாங்க, இல்லையா?

பயம் உண்மை, அத நான் மறுக்கல. ஆனா பயத்துல அவசரமா எழுதுனவன் சில விஷயத்த விட்டுருவான், இங்க விட்டதெல்லாம் ஒரே பக்கத்துக்கு சாதகமா இருக்கு. போர்க்காலத்துல ஜனாதிபதி அதிகாரத்துக்கு எல்லை போட்ட யங்ஸ்டவுன் கேஸ், 1952ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு, அங்க முதல் வருஷ சட்ட மாணவனுக்கே தெரியும், ஜனாதிபதி அதிகாரத்த பத்தி பக்கம் பக்கமா எழுதுன மெமோல அது பேருக்கு கூட இல்ல. டெக்சாஸ்ல ஒரு ஷெரிஃபும் அவரோட ஆளுங்களும் கைதிங்க முகத்துல துணி போட்டு தண்ணி ஊத்துனதுக்காக 1983ல இதே ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் கேஸ் நடத்தி தண்டனை வாங்கிக் குடுத்துச்சு, அப்பீல் கோர்ட் தீர்ப்புலயே அத டார்ச்சர்னு திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. அதுவும் மெமோல இல்ல. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு ஜப்பான் வீரர்கள் மேல நடந்த வழக்குங்கள்லயும் இந்த தண்ணி சித்திரவதை இருந்துச்சு, அதப் பத்தியும் ஒரு வரி இல்ல.

அடுத்தது, மெமோ எப்படி வளந்துச்சுன்னு பாருங்க. "கேஸ் போட மாட்டோம்"னு முன்கூட்டியே எழுதிக் குடுங்கன்னு சிஐஏ கேட்டப்ப, குற்றவியல் பிரிவுத் தலைவர் மைக்கேல் செர்டாஃப் முடியாதுன்னுட்டாரு. அதுக்கப்புறம்தான் வரைவுல ஜனாதிபதி அதிகாரம், தற்காப்பு, வேற வழியில்லாத நிலைன்னு தப்பிக்கிற வாதங்க இருக்குற பகுதிங்க சேந்துச்சு. அவசரம்னு சொன்ன கணக்கும் இடிக்குது, இந்த ஒப்புதல் வேலையெல்லாம் நடக்குறப்ப அபு ஜுபைதாவ 47 நாள் தனியா போட்டு யாரும் ஒரு கேள்வி கூட கேக்கல.

அதே காலத்துல, அதே பதட்டத்துல இருந்த மத்த அரசு வக்கீல்களும் இருந்தாங்க. கடற்படையோட தலைமை வக்கீல் ஆல்பர்ட்டோ மோரா, கியூபாவுல இருக்குற குவான்டனாமோ அமெரிக்க ராணுவ சிறையோட விசாரணை முறைய நேருக்கு நேரா எதிர்த்தாரு. ராணுவ வக்கீல்கள் பலர் எழுத்துல ஆட்சேபம் சொன்னாங்க. பைபீ இருந்த அதே ஆஃபீஸ் ஆஃப் லீகல் கவுன்சிலுக்கு 2003 அக்டோபர்ல தலைவரா வந்த ஜேக் கோல்ட்ஸ்மித், அவரும் அப்ப ஜனாதிபதியா இருந்த புஷ் நியமிச்ச ஆள்தான், 2004 ஜூன்ல கொன்ஸாலஸுக்கு போன மெமோவ வாபஸ் வாங்கிட்டு வேலைய விட்டாரு.

சரி, செஞ்ச சிஐஏ ஆளுங்களையாச்சும் புடிச்சாங்களா?

இல்ல, அதுக்கும் மெமோதான் காரணம். 2009 ஜனவரி 22ல ஒபாமா இந்த முறைங்கள நிறுத்தி உத்தரவு போட்டாரு, ஏப்ரல் 16ல மெமோங்கள வெளியிட்டாரு, வெளியிட்ட அன்னைக்கே ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் ஆலோசனைய நம்பி நல்லெண்ணத்தோட நடந்தவங்க மேல கேஸ் கிடையாதுன்னும் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் ஜான் டர்ஹம்னு ஒரு ப்ராசிக்யூட்டர் விசாரிச்சாரு, அதுவும் மெமோ அனுமதிச்ச அளவ தாண்டுனவங்கள மட்டும். கடைசில ரெண்டு கைதிகளோட சாவு மட்டும் மிஞ்சுச்சு, 2012 ஆகஸ்ட்ல அதுலயும் யார் மேலயும் குற்றச்சாட்டு இல்லாம முடிச்சுட்டாங்க.

எனக்கு இந்த மொத்த விவகாரத்துலயும் தாங்க முடியாதது இதுதான். தண்ணி ஊத்துனவன் "வக்கீல் சரின்னாரு"ன்னு சொல்லி தப்பிக்கிறான், வக்கீல் "நான் கருத்துதான் சொன்னேன், ஊத்துனது அவங்க"ன்னு சொல்லி தப்பிக்கிறாரு, உத்தரவு போட்டவங்க "எங்க வக்கீல்கள கேட்டுட்டுதான் பண்ணோம்"ங்கறாங்க. 83 தடவை நடந்த ஒரு விஷயத்துக்கு பொறுப்பாளின்னு ஒரு ஆள் கூட கிடையாது.

உள் விசாரணை நடந்து யூ மேல தப்புன்னு சொன்னதா படிச்சேனே?

சொன்னாங்க, அப்புறம் மாத்திட்டாங்க. ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டோட ஒழுங்கு விசாரணைப் பிரிவு அஞ்சு வருஷம் கிட்ட விசாரிச்சு 2009 ஜூலைல முடிவு சொல்லுச்சு: யூ தெரிஞ்சே தொழில் ஒழுக்கத்த மீறுனாரு, பைபீ தன் கடமைய அலட்சியம் பண்ணி மீறுனாரு. ரெண்டு பேர் பேரையும், வக்கீல்கள் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்குற பார் அமைப்புகளுக்கு அனுப்பணும்னு பரிந்துரை. நடுவுல யூவோட ஈமெயில் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு, மீட்க முடியலன்னும் அந்த அறிக்கைல இருக்கு. முன்னாடி சொன்ன "தெரிஞ்சேதான் எழுதுனாங்கன்னு நிரூபிக்கணும்"ங்கறத இதோட சேத்து பாருங்க, நிரூபிக்க வேண்டிய பொருளே இல்லாம போச்சு.

2010 ஜனவரில டேவிட் மார்கோலிஸ்னு டிபார்ட்மென்ட்டோட மூத்த அதிகாரி ஒருத்தர் அந்த முடிவ தள்ளிட்டு, மெமோல கடுமையான குறைங்க இருக்கு, ஆனா இது மோசமான முடிவெடுப்பு மட்டும்தான், ஒழுக்க மீறல் இல்லன்னு எழுதிட்டாரு. அதனால பார் அமைப்புக்கு பரிந்துரை போகல. சுத்தமா விடுதலைன்னு சொல்றவங்க மார்கோலிஸ் எழுதுனத முழுசா படிக்கணும், அவரு இந்த மெமோங்கள சரின்னு எங்கயும் சொல்லல.

பாதிக்கப்பட்டவங்க சிவில் கேஸ் போடலையா?

போட்டாங்க. ஹொசே படியா, அமெரிக்க குடிமகன், 2002 மே மாசம் சிகாகோ ஏர்போர்ட்ல புடிச்சு, எதிரிப் போராளின்னு சொல்லி தென் கரோலினாவுல கடற்படை சிறைல தனிமைல வச்சிருந்தாங்க. அவரும் அவங்க அம்மாவும் 2008ல யூ மேல கேஸ் போட்டாங்க, கேட்ட நஷ்டஈடு ஒரே ஒரு டாலர். காசு இல்ல, தப்புன்னு கோர்ட் சொல்லணும், அவ்ளோதான். கீழ் கோர்ட் கேஸ் நடக்கட்டும்னு சொல்லுச்சு. 2012 மே மாசம் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு. காரணம், அவருக்கு நடந்தது சித்திரவதைதான்னு 2001லருந்து 2003 வரைக்கும் சட்டத்துல சந்தேகமில்லாம தெளிவாகலையாம், அதனால அதிகாரிக்கு பாதுகாப்பு உண்டாம்.

இதுல வேதனை என்னன்னா, சட்டத்த குழப்புனதே அந்த மெமோங்கதான், கடைசில அந்த குழப்பமே எழுதுனவருக்கு கேடயமா வந்து நின்னுச்சு. முறைங்கள வடிவமைச்ச ரெண்டு உளவியல் நிபுணர்கள் மேல போட்ட கேஸ் மட்டும் 2017 ஆகஸ்ட்ல சமரசத்துல முடிஞ்சுது. அவங்க அரசு ஊழியர் இல்ல, கான்ட்ராக்ட்காரங்க.

நியூரம்பர்க்ல நாஜி ஜட்ஜ், வக்கீல்களுக்கு தண்டனை குடுத்தது அமெரிக்காதானே? அது இவங்களுக்கு பொருந்தாதா?

1947ல நடந்த நீதிபதிகள் வழக்குதான் நீங்க சொல்றது. ஜெர்மன் சட்ட அமைச்சக அதிகாரிங்க, ப்ராசிக்யூட்டருங்க, ஜட்ஜுங்கன்னு 16 பேர் மேல குற்றச்சாட்டு, 10 பேருக்கு தண்டனை. கொலைகாரனோட கத்தி சட்ட அங்கிக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சுங்குற அர்த்தத்துல அந்த தீர்ப்பு சொன்ன வரிய இந்த விவாதத்துல அடிக்கடி எடுப்பாங்க. ஆளுங்கள ராத்திரியோட ராத்திரியா தூக்கி, குடும்பத்துக்கு கூட சொல்லாம மறைச்சு வைக்கிற உத்தரவுக்கு சட்ட உருவம் குடுத்ததும் அங்க குற்றமா ஆச்சு.

ஆனா அப்படியே தூக்கி இங்க வைக்க முடியாது. அவங்க பல பேர் கருத்து மட்டும் சொன்னவங்க இல்ல, கோர்ட்டையும் தூக்கு மேடையையும் நடத்துனவங்க, செத்தவங்க எண்ணிக்கையும் எங்கேயோ இருக்கு. அந்த வழக்கு நமக்கு குடுக்குறது ஒண்ணுதான்: "நான் மேஜைல உக்காந்து பேப்பர்தான் எழுதுனேன்"ங்கறது தானாவே விடுதலை தராது. இத சொன்னது அமெரிக்க நீதிபதிகள்ங்கறத மறக்க வேணாம்.

வெளிநாட்டு கோர்ட்டுல, சர்வதேச கோர்ட்டுல முயற்சி பண்ணலையா?

ஸ்பெயின்ல 2009 மார்ச்ல கொன்ஸாலஸ், ஆடிங்டன், ஹெய்ன்ஸ், ஃபெய்த், பைபீ, யூன்னு புஷ் அரசுல இருந்த ஆறு பேர் மேல புகார் குடுத்தாங்க. அமெரிக்காவே பாத்துக்கட்டும்னு 2011ல அத அங்க தள்ளி விட்டுட்டாங்க, 2014ல ஸ்பெயின் அந்த மாதிரி கேஸ் எடுக்குற சட்டத்தையே சுருக்கிருச்சு. ஐரோப்பிய மனித உரிமை கோர்ட், ரகசிய சிறைக்கு இடம் குடுத்ததுக்காக 2014ல போலந்தையும் 2018ல லிதுவேனியாவையும் குற்றவாளின்னு சொல்லுச்சு, ஆனா அங்க அமெரிக்காவ இழுக்க வழி இல்ல. சர்வதேச குற்றவியல் கோர்ட் 2020ல ஆப்கானிஸ்தான் விசாரணைக்கு அனுமதி குடுத்துச்சு, சிஐஏ விஷயமும் அதுக்குள்ள வந்துச்சு, டிரம்ப் அரசு கோர்ட் அதிகாரிங்க மேலயே தடை போட்டுச்சு, 2021ல புது ப்ராசிக்யூட்டர் அமெரிக்க பகுதிய ஓரமா வச்சுட்டாரு.

இந்தியா அந்த ஐநா சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்துல இருக்கா?

1997ல கையெழுத்து போட்டோம், உறுதி பண்ணல. 2010ல லோக்சபாவுல பாஸ் ஆன சித்திரவதை தடுப்பு மசோதா அதுக்கு மேல நகரல. இலங்கை 1994லயே சேந்து தனி சட்டமும் போட்டுச்சு, அது நடைமுறைல எப்படி இருக்குங்கறது தனியா பேச வேண்டிய விஷயம்.

இப்படி வக்கீல்கள தண்டிக்க ஆரம்பிச்சா நாளைக்கு எந்த அரசு வக்கீலும் தைரியமா கருத்து சொல்ல மாட்டாரே? ஆட்சி மாறுனா பழிவாங்க ஆரம்பிச்சுருவாங்களே?

இதுதான் இருக்குறதுலயே கஷ்டமான கேள்வி, இந்த பயத்த நான் லேசா எடுத்துக்கல. கருத்துக்கு தண்டனைன்னு ஆரம்பிச்சா, அடுத்த ஆட்சில நேர்மையா எழுதுன வக்கீலையும் தூக்கி உள்ள வைக்க ஒருத்தன் இருப்பான்.

அதனாலதான் கோட்ட எங்க போடணுங்கறது முக்கியம். கருத்து தப்பா சரியான்னு பாக்கக் கூடாது, எழுதுனவரு தனக்கு எதிரான தீர்ப்ப மறைச்சாரா, முடிவ முதல்ல எடுத்துட்டு காரணம் தேடுனாரா, அந்த பேப்பர் ஒரு குறிப்பிட்ட ஆள் மேல ஒரு குறிப்பிட்ட கொடுமைய நடத்தத்தான் கேக்குறாங்கன்னு தெரிஞ்சு குடுத்தாரா, இத பாக்கணும். மோராவும் கோல்ட்ஸ்மித்தும் எழுதுனது எந்த ஆட்சி வந்தாலும் இந்த சோதனைல நிக்கும். இன்னொரு பக்கமும் யோசிங்க: எதுவுமே நடக்கலைன்னா என்ன ஆகும்னு நமக்கு தெரியும், ஏன்னா நடந்துருச்சு. பைபீ 2003ல, மெமோ வெளிய தெரியுறதுக்கு முன்னாடியே, ஃபெடரல் அப்பீல் கோர்ட் ஜட்ஜ் ஆனாரு. படியா கேஸ தள்ளுன அதே ஒன்பதாவது சர்க்யூட்தான், அந்த பெஞ்ச்ல அவர் இல்லன்னாலும். யூ பெர்க்லில சட்டப் பேராசிரியர். கொன்ஸாலஸ் 2005ல அட்டர்னி ஜெனரல், அதாவது ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டுக்கே தலைவர் ஆனாரு. பிராட்பரிய 2017ல போக்குவரத்து துறைக்கு தலைமை வக்கீலா செனட் 50க்கு 47னு ஓட்டு போட்டு அனுப்புச்சு. அடுத்து எழுதப் போற வக்கீல் இதையெல்லாம் பாத்துட்டுதான் பேனாவ எடுப்பாரு.

இந்த முறையாலதான் தகவல் கிடைச்சுது, உயிர காப்பாத்துனோம்னு சொல்றாங்களே?

2014 டிசம்பர்ல வந்த செனட் அறிக்கை அத மறுக்குது. சிஐஏ புடிச்சு வச்சிருந்த 119 கைதிகள்ல 39 பேர் மேல இந்த முறைங்கள பயன்படுத்துனாங்க, 119ல 26 பேரையாச்சும் புடிச்சு வச்சதே தப்புன்னும் சொல்லுது. சிஐஏ தரப்பு இத ஒத்துக்கல. ஆனா வக்கீல்களோட பொறுப்புக்கு இந்த சண்டை தேவையே இல்ல. ஒப்பந்தத்தோட இரண்டாவது பிரிவு போர், அவசர நிலை எதையும் காரணமா சொல்லக் கூடாதுன்னு நேரடியா சொல்லுது, பலன் இருந்துச்சான்னு கேக்கவே இல்ல.

இப்பவும் கேஸ் போட முடியுமா, இல்ல காலக்கெடு முடிஞ்சு போச்சா?

சாதாரணமா இந்த வகை குற்றத்துக்கு எட்டு வருஷம். ஆனா சாவோ பெரிய உடல் காயமோ நடந்திருந்தா, இல்ல நடக்கும்னு எதிர்பார்க்கக் கூடிய ஆபத்து இருந்திருந்தா, காலக்கெடுவே கிடையாது. மூச்ச தடுக்குறதுல சாவு ஆபத்து இருக்கான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்கே தெரியும், அதனால காகிதத்துல கதவு திறந்துதான் இருக்கு. 2005ல காங்கிரஸ் போட்ட கைதிகள் சட்டத்துல, வக்கீல் ஆலோசனைய நம்பி நடந்த அதிகாரிக்கு தனியா ஒரு பாதுகாப்பு இருக்கு. அது வக்கீல் சொன்னத கேட்டு நடந்தவனுக்கு, ஆலோசனை எழுதுனவருக்கு அது தானா வராது. கேஸ் போட வேண்டியது ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட், மேல சொன்ன மாதிரி மெமோவும் அங்கருந்துதான் வந்துச்சு, புஷ்ஷுக்கு அப்புறம் ரெண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டும் எந்த அட்டர்னி ஜெனரலும் அந்த ஃபைல வக்கீல்கள் மேல திறக்கல.